மாமியார் பாட்டில்

இப்போதெல்லாம் தெருவில் யாரும் எதிரே பார்த்து நடப்பதில்லை. கையில் இருக்கிற செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து நம் நெஞ்சில் முட்டுகிறார்கள். முட்டிவிட்டு, "ஸாரி அங்கிள், பார்க்கல" என்கிறார்கள். ஆளுயரத்துக்கு ஒருவன் எதிரே வருகிறான், அவன் கண்ணுக்கே தெரியவில்லையாம். போன வாரம் ஒரு பெண் கடை வாசலில் சாத்தியிருந்த ஏணியில் மோதிக்கொண்டு, ஏணியைத் திட்டிவிட்டுப் போனாள். பஸ்காரன் நிறுத்தத்தைத் தாண்டிப் போவான், கேட்டால் கவனிக்கவில்லை என்பான். பாங்கில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறவள் நம்மை விட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவாள், அவளும் கவனிக்கவில்லைதான். அழுக்குத் துணிக்குச் சோப்பு மாதிரி, எல்லாத் தப்புக்கும் இந்த ஒரு வார்த்தையைப் போட்டுத் தேய்க்கிறார்கள். எங்கள் காலத்தில் பார்க்கவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும்.

என் மச்சானுக்குப் போனது.

நானும் அவனும் ஒரே குளிர்பானக் கம்பெனியில் இருந்தோம். எல்லாம் கண்ணாடி பாட்டிலாக இருந்த காலம். பாட்டிலைக் கழுவி, கலர் நிரப்பி, மூடி அடித்து, பெல்ட்டில் வரிசையாக விட்டால் அது ஒரு வெள்ளை விளக்குப் பெட்டிக்கு முன்னால் போகும். பெட்டிக்கு எதிரே முக்காலி போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். அவன் வேலை பார்ப்பது. வெறுமனே பார்ப்பது. உள்ளே பூச்சி மிதக்கிறதா, கழுத்து உடைந்திருக்கிறதா, அடியில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, கெட்டது வந்தால் கையைவிட்டு எடுத்துவிட வேண்டும். வெளியாட்களுக்கு இது சும்மா உட்கார்ந்திருக்கிற உத்தியோகம் மாதிரித் தெரியும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இமை கனக்கும். பாட்டிலெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நீளமாக ஒரு பழுப்புத் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் ஆளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்போம்.

ஆள் விழித்திருக்கிறானா என்று கண்டுபிடிக்கக் கம்பெனியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். கழுத்தில் கறுப்பு டேப் ஒட்டிய பாட்டில் ஒன்றைச் சூப்பர்வைசர் யாருக்கும் தெரியாமல் பெல்ட்டில் நுழைத்துவிடுவான். முக்காலியில் இருப்பவன் அதைப் பிடித்து எடுத்தால் விழித்திருக்கிறான். விட்டால் தூங்குகிறான். அந்தப் பாட்டிலுக்கு ஆட்கள் வைத்த பெயர் மாமியார். சொல்லாமல் வரும், வந்தால் குற்றம் கண்டுபிடிக்கத்தான் வரும். இன்றைக்கு மாமியார் வந்தாச்சா என்று ஒருத்தன் கேட்பான். காலையிலேயே வந்து காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று இன்னொருத்தன் சொல்வான். கல்யாணம் ஆகாத பையன்கள்கூட மாமியாருக்கு நடுங்கியது எங்கள் கம்பெனியில்தான்.

அந்த ஷிப்டுக்குச் சூப்பர்வைசர் நான். மச்சான் முதலில் எனக்குச் சிநேகிதன், அப்புறம்தான் என் தங்கச்சி புருஷன். இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். அவன் மிதிப்பான், நான் பின்னால் உட்காருவேன், மேடு வந்தால் இறங்கித் தள்ளுவேன். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று ஒருத்தன் வாயிலும் விழக்கூடாது. அதனால் மற்றவர்களுக்கு எப்போதாவது அனுப்புகிற மாமியாரை அவனுக்கு மட்டும் அடிக்கடி அனுப்புவேன். அவன் ஒன்றைக்கூட விட்டதில்லை. எடுத்து என் பக்கம் தூக்கிக் காட்டி, "உங்கம்மா வந்திருக்காங்க, மச்சான்" என்பான். உண்மைதானே, அவனுக்கு மாமியார் எங்கம்மாதான். பெல்ட் சத்தத்தையும் மீறி ஷெட் முழுக்கச் சிரிக்கும்.

ஒருநாள் ஒரு கடையில் வாங்கிய பாட்டிலில் கண்ணாடிச் சில்லு இருந்து, ஒரு குழந்தைக்கு நாக்கு கிழிந்துவிட்டது. தையல் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். மூடியில் எந்த நேரத்தில் அடித்தது என்று அச்சாகியிருக்கும். அந்த நேரத்தில் முக்காலியில் இருந்தவன் மச்சான். அதே நிமிஷத்தில்தான் நான் மாமியாரை அனுப்பியிருந்தேன். அவன் அதை எடுத்து எனக்குக் காட்டியதையும் பெல்ட் ஓரமாக நின்று பார்த்தேன்.

கம்பெனி சட்டப்படி, தூங்கிப்போய் விட்டவனுக்கு ஒரு எச்சரிக்கையும் கொஞ்ச நாள் சஸ்பென்ஷனும்தான். விழித்திருந்தும் விட்டவன் வேண்டுமென்றே விட்டவன், அவனுக்கு வேலை கிடையாது. அந்தச் சமயம் பார்த்துச் சம்பள விஷயமாக ஆட்களுக்கும் மேனேஜருக்கும் முறுக்கிக்கொண்டிருந்தது. யாரோ வயிற்றெரிச்சலில் செய்த வேலை என்று மேலே இருப்பவர்கள் முடிவே பண்ணிவிட்டார்கள். நான் மச்சானைச் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"தூங்கிட்டேன்னு சொல்லுடா. மாமியாரை அனுப்புன விஷயத்தைப் பத்தி நான் வாயே திறக்கல. நாலு நாள் வீட்டுல கெடந்துட்டு வந்துடு" என்றேன்.

"தூங்கலையே மச்சான். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பார்த்துக்கிட்டிருந்தா அது எப்படிடா போச்சு?"

"தெரியல. எனக்கு அது வரவே இல்ல."

நான் எவ்வளவோ சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் தங்கச்சிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது, அதையும் சொன்னேன். தூங்காதவன் தூங்கினேன் என்று எப்படிச் சொல்வது என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். அவனுக்காகப் பொய் சொல்ல நான் தயாராக இருந்தேன். அவன் தனக்காகச் சொல்லமாட்டேன் என்கிறான். அப்புறம் எனக்கென்ன வந்தது. மேனேஜர் கூப்பிட்டு, ஆள் விழித்திருந்தானா என்று கேட்டார். விழித்துத்தான் இருந்தான், நான் அனுப்பியதை எடுத்தானே என்றேன். அதில் ஒரு எழுத்து பொய் கிடையாது.

வேலை போன பிறகு ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறியா என்று கேட்டான். ஆமாம் என்றேன். மனதில் இருந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதோடு சரி. மார்க்கெட்டில் மூட்டை இறக்கினான், ஏதோ ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருந்தான் என்று காதில் விழும். என் மனைவி செத்தபோது தெருக்கோடியில் நின்றிருந்தானாம். யாரோ சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. சைக்கிளை அவன் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டான். கொஞ்ச நாள் தனியாக மிதித்துக்கொண்டு போனேன். மேட்டில் இறங்கித் தள்ளும்போது பாரம் இல்லாமல் கைக்கு என்னவோ போலிருந்தது. விற்றுவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ பேர் பழக்கம் ஆனார்கள். சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தன் அமையவில்லை. அமையாததற்கு நான் என்ன செய்வது.

அப்போது பிறந்த அந்தக் குழந்தை, என் தங்கச்சி மகள், இப்போது விஞ்ஞானி. சின்ன வயதில் ஒரு நிமிஷம் வாய் மூடாது, அதனால் நான் வைத்த பெயர் வாயாடி. நல்லது கெட்டதுக்கு அவள் அம்மாவோடு மட்டும் வந்து போவாள். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்தபோது, எதைப்பற்றி ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டேன். கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருள் சில சமயம் ஏன் மனிதனுக்குத் தெரியாமல் போகிறது என்பதைப்பற்றியாம். மனிதன் எதைக் கவனிக்கிறான், எதை விட்டுவிடுகிறான் என்று கண்டுபிடிக்க ஒரு இடம், கம்ப்யூட்டர், சம்பளம் எல்லாம் கொடுத்து வைத்திருக்கிறார்களாம். இதற்கெதற்கு ஆராய்ச்சி, முதுகில் ரெண்டு வைத்தால் எல்லாம் தெரியும் என்றேன். சிரித்தாள். எதற்காக அந்தப் படிப்பை எடுத்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இந்த வருஷம் மச்சானுக்குத் தலையில் ரத்தம் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்து எழுந்துவிட்டான், நடக்கிறான், பேசுகிறான் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் ஒருநாள் வாயாடி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, அப்பா ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்றாள். நர்ஸிடம் சொல்கிறானாம், சுவரைப் பார்த்துச் சொல்கிறானாம், சாப்பிடும்போது பாதியில் நிறுத்திவிட்டுச் சொல்கிறானாம். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் என்று. நாங்கள் நம்புகிறோம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லியாயிற்று, அவர் காதில் ஏறவில்லை, நீங்கள் வந்து சொன்னால்தான் ஏறும் என்றாள்.

முடியாது என்றேன். நம்பாததை நம்புகிறேன் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் தங்கச்சி போன் பண்ணினாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"அண்ணே, அந்தாளு சுவத்தோட பேசிக்கிட்டிருக்கு. நீ ஒரு தடவ வந்து, சரிடா, நீ பொய் சொல்லலன்னு சொல்லிட்டுப் போ. நம்பணும்னுகூட இல்ல" என்றாள். நம்பாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அப்ப நம்பு" என்று போனை வைத்துவிட்டாள்.

வாயாடி விடவில்லை. நீங்கள் சொல்லவே வேண்டாம், என் இடத்துக்கு வந்து ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள், பிறகு உங்கள் இஷ்டம் என்றாள். என்னதான் கண்கட்டு வித்தை காட்டுகிறார்கள் பார்க்கலாமே என்று போனேன். அந்த வித்தையை அங்கேயே உடைத்துப் போட்டுவிட்டு வர வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். அதை மறைப்பானேன்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஜன்னலே இல்லாத சின்ன அறை, சுவருக்குக் கறுப்புத் துணி. ஒரு மேஜை, அதன்மேல் கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் கண் டாக்டரிடம் இருப்பது மாதிரி தாடையை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி. கண்ணையே பார்த்துக்கொண்டு ஒரு சின்ன கேமரா. நாற்காலி மட்டும் நல்ல நாற்காலி, சக்கரம் வைத்தது. எங்கள் முக்காலிக்கு முதுகுகூடக் கிடையாது.

திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டில் படம் வரும் என்றாள். சீட்டுக்கட்டை விரலால் விசிறுகிற மாதிரி, அதே இடத்தில், சடசடவென்று. நடுவில் கறுப்பு டேப் ஒட்டிய பாட்டில் ஒன்று வரும், டேப் கழுத்தின் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று முடிந்ததும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு உடைந்த பாட்டில் ஏதாவது வந்ததா என்றும் சொல்ல வேண்டும். மாமியாரை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. வேறு யார் சொல்லியிருப்பார்கள்.

ஓட விட்டாள். டேப் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. மேலே என்றேன். உடைந்தது வரவில்லை என்றேன். மறுபடி ஓட விட்டாள். டேப் கீழே, உடைந்தது இல்லை. இப்படியே ரொம்ப நேரம் போயிற்று. டேப்பில் நான் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லையாம். சூப்பர்வைசர் இல்லையா.

அப்புறம் அதே படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். டேப் ஒட்டிய பாட்டில் போனது. அடுத்து ஒரு நல்ல பாட்டில். அதற்கடுத்து, கழுத்து பிளந்து வாய் போன பாட்டில் ஒன்று, திரை முழுக்க, ஒரு குருடனுக்கும் தெரிகிற மாதிரி நின்றது.

"இதை இப்பத்தானே சேர்த்த" என்றேன்.

இல்லை என்றாள். நம்பவில்லை என்றேன். சரி, பட்டனை நீங்களே அமுக்குங்கள் என்று கையில் கொடுத்தாள். ஓட்டினேன், இல்லை என்றேன், மெதுவாக ஓட்டினேன், இருந்தது. எல்லாவற்றுக்கும் உண்டு உண்டு என்றே சொல்லிப் பார்த்தேன். உடைந்தது இல்லாத சுற்றுகளையும் நடுநடுவே கலந்து வைத்திருந்தாள், பிடிபட்டேன். எங்கள் வீட்டு ரத்தம்தானே, விட்டுவிடுவாளா. டேப்புக்கு நன்றாகத் தள்ளி உடைந்தது வந்தால் எனக்குத் தெரிந்தது. கூடவே ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் தெரியவில்லை. ஒருவேளை அந்த நேரத்தில் கண்ணை மூடித் திறந்துவிடுகிறேனோ என்று கேட்டேன். கேமரா எடுத்ததைக் காட்டினாள். என் கண்தான், சுருக்கமும் புரையுமாக, பெரிதாக. மூடவில்லை. திறந்துகொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் கொடுத்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமா. இப்ப டேப்பை மறந்துடுங்க. அது வந்தா வரட்டும். உடைஞ்சதை மட்டும் பாருங்க" என்றாள்.

ஓட விட்டாள். தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. எதையும் விடவில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தாங்கியிலிருந்து தாடையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னேன், இத்தனை வருஷமாக நான் சொன்னது இதைத்தானே, பார்த்தால் தெரியும், உன் அப்பன் பார்க்கவில்லை.

அவள் என் கையிலிருந்து பட்டனை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டும் அதே படம்தான் மாமா. நான் எதையும் மாத்தல. டேப்பைத் தேடுனா உடைஞ்சது தெரியல, தேடாட்டித் தெரியுது. ஒண்ணைக் கண்டுபிடிச்சு, இதுதான்னு மனசு பிடிச்சுக்கற அரை விநாடி இருக்கே, அதுல அடுத்தது கண்ணுல விழும், மனசுல விழாது. உங்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். ஏர்போர்ட்ல பொட்டி செக் பண்றவங்க, எக்ஸ்ரே பாக்கறவங்க, எல்லாரையும் உக்கார வெச்சுப் பாத்துட்டேன்."

அரை விநாடியில் என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது என்றேன். பெல்ட்டில் அரை விநாடிக்கு எத்தனை பாட்டில் போகும் என்று கேட்டாள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அவளே மறுபடி கேட்டாள். "அப்பா டேப் பாட்டிலை எடுத்தப்ப நீங்க பெல்ட் ஓரத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"சில்லு இருந்த பாட்டில் உங்களையும் தாண்டித்தானே போயிருக்கும். நீங்க பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கறேன். என் வேலையா அது? நான் உங்கப்பனைப் பாத்துக்கிட்டிருந்தேன், எடுக்கறானா விடறானான்னு."

"அதையேதான் நானும் சொல்றேன் மாமா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் என் பாட்டிலால்தான் உன் அப்பனுக்கு வேலை போயிற்று என்கிறாயா என்று கத்தினேன். அந்தச் சின்ன அறையில் கத்தினால் சத்தம் எங்கும் போவதில்லை, துணி குடித்துவிடுகிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை என்றாள். அப்பா பொய் சொல்லவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறாள், அவளுக்கு அது போதுமாம். யார்மேலும் பழி போட அவள் இவ்வளவு படிக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. குழந்தை நாக்கை அறுத்தவன் மகள். எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னவர்களை நான் தடுத்ததில்லை.

படம் வேறு, பாட்டில் வேறு என்றேன். படத்துக்கு எடை உண்டா, சத்தம் உண்டா, எடுத்தால் கை ஜில்லென்று இருக்குமா. கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். செத்தவர்களையே பேச வைக்கிறார்கள்.

அவள் தர்க்கம் செய்யவில்லை. விளக்கைப் போட்டாள். அப்பா இதே கட்டடத்தில் கீழே கை கால் பயிற்சிக்கு வந்திருக்கிறார் என்றாள். ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள் என்று படியிறங்கும்போது சொன்னாள். அவருக்கு இப்போது இடது பக்கம் கிடையாதாம். கண் நன்றாக இருக்கிறதாம், பார்வையில் ஒரு கோளாறும் இல்லையாம், ஆனால் இடது பக்கம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதே மனதுக்குத் தெரியாதாம். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் போடச் சொல்வாராம். தட்டைத் திருப்பி வைத்தால் அதையும் சாப்பிடுவாராம். இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால்கூட வலது பக்கம்தான் திரும்பித் தேடுவாராம்.

"அதனால வலது பக்கமாப் போய் நில்லுங்க மாமா. நீங்க எதுவும் விளக்கம் சொல்ல வேண்டாம். சரிடான்னா போதும், அவருக்குப் புரிஞ்சுடும்" என்றாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கதவுக்கு வெளியே அவள் நின்றுவிட்டாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

நீளமான அறை. சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பிகள். மச்சான் கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்பச் சின்னதாகிப் போயிருந்தான். மூட்டை தூக்கிய தோள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முகத்தில் வலது பக்கம் மழமழவென்று மழித்திருந்தது, இடது பக்கம் வெள்ளை முள்ளாக அப்படியே கிடந்தது. தானே சவரம் செய்துகொண்டிருப்பான். பக்கத்து மேஜையில் இடது கைப்பக்கம் வைத்த டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. பயிற்சி கொடுக்கிற பெண் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். சரிடா. சின்ன வார்த்தைதான். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் கால் இடது பக்கம் போயிற்று. நானாகத்தான் போனேன். உண்மையிலேயே தெரியவில்லையா, பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றேன். அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் கண் அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. என் சட்டைமேல் வந்தது. வந்து, நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை, போய்விட்டது. பயிற்சிக்காரப் பெண் நிமிர்ந்து, பெரியவரே இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள் என்று கையைக் காட்டினாள். நான் அசையவில்லை.

"மச்சான்" என்றேன்.

அவன் உடம்பு சிலிர்த்தது. குரல் தெரிந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. சட்டென்று திரும்பினான், வலது பக்கம். அங்கே காலி நாற்காலி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தான். அதன் பின்னால் பார்த்தான். பாதி மழித்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

"மச்சான், நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று அந்த நாற்காலியிடம் சொன்னான்.

ஐந்தாறு எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். பயிற்சிக்காரப் பெண் எழுந்தேவிட்டாள், என் முழங்கையைப் பிடித்து நகர்த்திவிடுவாள் போலிருந்தது. நோய்தான் என்று வாயாடி சொல்கிறாள். படித்தவள், அவள் சொன்னால் இருக்கலாம். ஆனால் ஒருத்தன் இந்தப் பக்கம் நின்று பெயர் சொல்லாமல் உறவு சொல்லிக் கூப்பிடுகிறான், இன்னொருத்தன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். இதற்கு என்ன அர்த்தம் என்று என் வயசுக்கு எனக்குத் தெரியாதா? அவனுக்கு என்மேல் அவ்வளவு இருக்கும். இருக்காதா பின்னே. நானாக இருந்தால் இன்னும் அதிகமாகத் திரும்பிக்கொண்டிருப்பேன்.

"சரிடா" தொண்டை வரைக்கும் வந்தது. முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது.

வெளியே வந்தேன். வாயாடி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். நடைவழி முழுக்க அவன் குரல் வந்துகொண்டிருந்தது, மச்சான், மச்சான் என்று. வாசல் கண்ணாடிக் கதவு தானாகவே திறந்தது. நான் நிற்கவில்லை. அவன் கண் என்மேல் வந்தது. நான் பார்த்தேன். வந்ததை வரவில்லை என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.